நீரோடி முதல் தேங்காப்பட்டணம் வரை: கடலோர நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையிலுள்ள நீரோடியில் தொடங்கி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, தூத்தூர், இரயுமன்துறை என ஊர் ஊராகக் கடந்து, குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காப்பட்டணம் வரை கரையோரமாகவே நடக்க விரும்புவோர் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது, வானத்தைப் பார்த்துக் கடலை எடைபோடுவதுதான்.

காற்றில்லை, மழையில்லை, வெயில் பளிச்சென்று அடிக்கிறது என்பதற்காகக் கடல் அடங்கியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசிய புயற்காற்று எழுப்பிய அலைகள் பல நாட்கள் பயணம் செய்து, நம் கரையில் ஓலைகூட அசையாத நாளில் வந்து ஏறும். ஆழ்கடலில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத அந்த நீண்ட அலைகள், ஆழம் குறையக் குறைய உயர்ந்து கரையை மூழ்கடிக்கின்றன. கள்ளக்கடல் எனப்படும் இது ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே 6 அன்று இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது என்பதே நெஞ்சை அறுக்கிறது. புறப்படும் காலையில் அந்த எச்சரிக்கையைப் பாராமல் மணலில் கால் வைக்கக் கூடாது. பெரிய அலைகள் கூட்டமாக வந்து, இடையில் கடல் அமைதியாகிவிடுவதும் உண்டு. அந்த அமைதியை நம்பி நனைந்த மணலில் இறங்குவது ஆபத்து.

கடலரிப்புத் தடுப்புக் கற்சுவரின் மேல் நடப்பது அடுத்த தவறு. மணல் அரித்துப்போன இடங்களில் அலை நேராகக் கல்லில்தான் அடிக்கும். பாசி படிந்த பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கால் முழுதாக இறங்கும் அளவு சந்து இருக்கிறது. அதில் கால் சிக்கியவரை அடுத்த அலைக்குள் மீட்பது கடினம். மணல் முடிந்த இடத்தில் ஊருக்குள் ஏறி, தெரு வழியே நடந்து, மணல் தொடங்குமிடத்தில் மீண்டும் இறங்குவதே சரி. தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நடையே வேண்டாம்.

கரையை ஆளில்லாப் பொட்டல் என்று நினைப்பதும் தவறே. அது மீனவரின் வேலையிடம். உலரும் வலையைச் செருப்புக் காலால் மிதிப்பது, கரைமடி எனும் பெரிய வலையைக் கரையிலிருந்து இழுக்கும்போது விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டிக் குதிப்பது, கேட்காமல் படம் எடுப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 2017 ஒக்கிப் புயலில் பலரைப் பறிகொடுத்த ஊர்கள் இவை. வலை பொத்துகிற ஒருவரிடம், "கடல் எப்படிக் கிடக்கு அண்ணா?" என்று கேட்டால், எந்தத் துறையில் இழுப்பு அதிகம் என்பதுவரை சொல்லிவிடுவார்.

குடிநீரும் தொப்பியும் எல்லோரும் அறிந்தவை. நண்பகலுக்கு முன் நடையை முடித்துவிட்டால் போதும்.

கடைசித் தவறு, முகத்துவாரத்தைக் கடக்க முயல்வது. ஆற்றின் ஓட்டமும் கடலின் அலையும் எதிரெதிரே மோதும் அவ்விடத்தில் மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள மீனவர்களே படகு கவிழ்ந்து மாண்ட இடம் அது. முழங்கால் ஆழம் என்று தோன்றினாலும் இறங்காமல், இரயுமன்துறையில் கரையைவிட்டு ஏறிச் சாலை வழியாகவே தேங்காப்பட்டணம் செல்ல வேண்டும்.