போர் எதிர்ப்பும் ஊடகமும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசாவுக்காக லண்டன் தெருக்களில் இறங்கிய இளையவர்கள் பலர் இப்போது எங்கள் ஊர்க் குழுவுக்கும் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். வேலை முடிந்து களைத்து வந்தும் உட்கார்ந்து பதாகை எழுதுகிறார்கள், மழையில் நிற்கிறார்கள். ஆனால் ஊடகம் என்று வந்துவிட்டால், 2009இல் வன்னிக்காகப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றபோது எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அப்படியே திரும்பச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வா, தண்ணீர் கொண்டு வா, பொலிஸோடு வாய் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்வது

ஈராக் போருக்கு எதிராக 2003 பெப்ரவரி 15 அன்று லண்டனில் நடந்த பேரணிக்கு ஏழரை லட்சம் பேர் வந்ததாகப் பொலிஸ் சொன்னது. ஏற்பாட்டாளர்கள் இருபது லட்சம் வரை சொன்னார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு அந்த இடைவெளி தாங்கும், ஏனென்றால் ஊரே கண்ணால் பார்த்தது. உங்கள் ரெயில் நிலையத்தடியில் கூடும் முந்நூறு பேரை ஆயிரம் என்று சொன்னால் தாங்காது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒரு படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான எண்களையும், இறந்த குழந்தைகளின் கணக்கையும் சேர்த்து, அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

எண்ணுவது கஷ்டமில்லை. ஊர்வலம் ஒடுங்கிப் போகும் ஓர் இடத்தில் இரண்டு பேரை நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பத்தால் பெருக்கி, கடைசியில் கூட்ட வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணட்டும். 'இத்தனையிலிருந்து இத்தனைக்குள்' என்று சொல்லுங்கள், எப்படி எண்ணினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

'நீங்கள் பக்கச்சார்பானவர்கள்' என்று எழுதி அனுப்புவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்க்கும்போதுதான்.

நடப்பது இதுதான். இரவுச் செய்தியில் ஏதோ ஒன்று வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. பத்து நிமிடத்துக்குள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் கடிதம் ஒன்றைப் போடுகிறார். உங்கள் செய்திகள் பக்கச்சார்பானவை, உங்கள் கைகளில் இரத்தம் இருக்கிறது, வெட்கமாக இல்லையா என்று அதில் இருக்கும். கீழே, "எல்லாரும் இதைக் கொப்பி பண்ணி அனுப்புங்கோ." நூற்றுக்கணக்கில் போகிறது. குழுவில் ஒரே உற்சாகம். சில வாரம் கழித்து அத்தனை பேருக்கும் ஒரே பதில் வருகிறது. இரு தரப்பிலிருந்தும் முறைப்பாடுகள் வருகின்றன, நாங்கள் நடுநிலையாகத்தான் செய்தி தருகிறோம் என்று. அதோடு கதை முடிந்தது.

அந்தக் கடிதத்தைப் படிப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். சரிபார்க்க அவருக்கு அதில் என்ன இருக்கிறது? எந்த நிகழ்ச்சி, எத்தனை மணி, யார் பேசியது, எந்த வாக்கியம், ஒன்றுமே இல்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பிலிருந்தும் அதே அளவு கோபம் வந்து கிடக்கிறது. 'இரண்டு பக்கமும் திட்டுகிறது, அப்படியானால் நாம் சரியாகத்தான் செய்கிறோம்' என்று முடிவெடுக்க அவருக்கு நாமே வசதி செய்து கொடுக்கிறோம். ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அதை ஒரே கட்டாகக் கட்டி ஒரே பதிலால் மூடிவிடுவதும் அவருக்குச் சுலபம்.

எங்கள் குழுவில் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். பெரிய செய்தி நிறுவனம் ஒன்றின் இணையக் கட்டுரையில், குண்டு விழுந்த மருத்துவமனை இராணுவக் கட்டளை நிலையமாகப் பயன்பட்டு வந்தது என்று மூன்றாம் பந்தியில் எழுதியிருந்தார்கள். யார் சொன்னது என்று இல்லை. தாக்கிய இராணுவத்தின் கூற்றை, நிரூபிக்கப்பட்ட உண்மை போல எழுதியிருந்தார்கள். அவள் குழுவில் எதையும் போடவில்லை. முதலில் திரையைப் படம் பிடித்து வைத்தாள். பிறகு சின்னதாக ஒரு கடிதம் எழுதினாள். கட்டுரையின் தலைப்பு, திகதி, பார்த்த நேரம், அந்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல், அதே நாளில் அதே நிறுவனம் இன்னொரு கட்டுரையில் அதையே 'இராணுவம் கூறுகிறது' என்று சரியாக எழுதியிருந்தது, உறுதிப்படுத்த முடியாத கூற்றைச் சொன்னவர் பெயரோடு எழுத வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் சொந்த விதியே சொல்வது, கடைசியாக 'இராணுவம் கூறுகிறது' என்று இங்கேயும் சேர்க்கும்படி ஒரு கோரிக்கை. பக்கச்சார்பு என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. சில வாரத்தில் வாக்கியம் மாறியது. கட்டுரையின் அடியில் திருத்தக் குறிப்பும் வந்தது.

"இரண்டு சொல்லுக்காகவா இவ்வளவு பாடு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஆம், அந்த இரண்டு சொல்லுக்காகத்தான். அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் மற்றப் பத்திரிகைகள் எழுதும். பத்து வருடம் கழித்து ஒரு மாணவர் ஆய்வுக்காகத் தேடி எடுக்கப்போவதும் அதைத்தான். எழுதிய ஆசிரியரும் அடுத்த முறை அந்த இடத்தில் ஒரு கணம் யோசிப்பார்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2002 ஒக்டோபர் 26 அன்று வாஷிங்டனில் ஈராக் போருக்கு எதிராகப் பெரும் பேரணி நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவு என்று அடுத்த நாள் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. பத்தாயிரத்துக்கும் குறைவு என்றது அமெரிக்காவின் என்பிஆர் வானொலி. ஃபெயர் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பு அந்த எண்களைச் சுட்டிக்காட்டி, முறையிடும்படி மக்களைக் கேட்டது. கடிதங்கள் குவிந்தன. 30ஆம் திகதி வானொலி திருத்தம் வெளியிட்டது. அதே நாள் டைம்ஸ் இன்னொரு செய்தி போட்டது. வந்தவர்கள் பொலிஸ் கணக்கில் ஒரு லட்சம், ஏற்பாட்டாளர்கள் கணக்கில் இரண்டு லட்சம் என்று அதில் இருந்தது. முறையிட்டவர்கள் அன்றும் ஏராளம்தான். ஆனால் அவர்கள் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது ஒரே விஷயத்தை, தலைக்கணக்கை, அதுவும் பேரணியின் சூடு ஆறும் முன்பே.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே பத்திரிகைதான் சாட்சி. ஈராக் ஆயுதங்கள் பற்றிய தன் செய்திகள் சில போதிய கறாரோடு எழுதப்படவில்லை என்று டைம்ஸ் ஒப்புக்கொண்டது 2004 மே 26 அன்று. போர் தொடங்கி ஒரு வருடத்துக்கும் மேலாகியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாராளுமன்றச் சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்த தமிழ் இளைஞர், ஒளித்து பேர்கர் சாப்பிட்டார் என்றும் பொலிஸ் கமெரா அதைப் பார்த்தது என்றும் 2009 ஒக்டோபரில் டெய்லி மெயில் எழுதியது, சன் பத்திரிகையும் எழுதியது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் அதை அப்படியே நம்பினார்கள். அவரை ஒதுக்கியும் வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. அவர் வழக்குப் போட்டார். அப்படி ஒரு கண்காணிப்போ வீடியோவோ இல்லை என்று லண்டன் பொலிஸே உறுதி செய்தது. 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு மொத்தம் 77,500 பவுண் இழப்பீடு கொடுத்தன. சாப்பிட்டார் என்ற அந்த ஒரு கூற்றைப் பொய் என்று காட்ட முடிந்ததால்தான் அவர் வென்றார். 'ஆங்கிலப் பத்திரிகைகள் எங்களுக்கு எதிரி' என்று வழக்குப் போட்டிருந்தால் எந்த நீதிமன்றமும் எடுத்திருக்காது.

சரி, நடைமுறைக்கு வருவோம். பிபிசி நிகழ்ச்சி என்றால் ஒளிபரப்பாகி 30 வேலை நாட்களுக்குள் முதலில் பிபிசியிடமே முறையிட வேண்டும். அங்கே எல்லாப் படிகளும் முடிந்த பிறகுதான் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஒவ்கொம் அமைப்பு. நேரே ஒவ்கொமுக்கு எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்திரிகை என்றால், பத்திரிகைகள் மீதான முறைப்பாடுகளைப் பார்க்கும் ஐப்சோ அமைப்புக்கு நான்கு மாதத்துக்குள் எழுதலாம். ஆனால் கார்டியனும் பைனான்சியல் டைம்ஸும் ஐப்சோவில் இல்லை, அவற்றுக்குச் சொந்த முறைப்பாட்டு வழி இருக்கிறது. செய்தித் தொகுப்புகள் இணையத்தில் அதிக நாள் கிடக்காது. பார்த்த அன்றைக்கே நேரத்தைக் குறித்து, அந்தப் பகுதியை எழுதி வைத்துவிடுங்கள்.

நூறு பேர் இருக்கிறார்களா? நூறு பேரும் நூறு வாக்கியங்களைப் பிடியுங்கள்.

தெருவில் நிற்கும் செய்தியாளரை மொய்ப்பது

மைக்கோடு வரும் அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தலைப்புப் போடுவது அவரில்லை. எங்கள் கூட்டம் ஒன்றில், வந்திருந்த ஒரே செய்தியாளரைச் சுற்றி நின்று "பொய்யர்கள்" என்று கத்தினார்கள். அவர் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு தன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். பேசுவதற்கென்று வந்திருந்த இரண்டு வைத்தியர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். அன்றிரவு ஒளிபரப்பானது அந்தக் கத்தல் மட்டும்தான்.

பேச ஆளைத் தயார் செய்யாமல் விடுவது

அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கொலின் பவல், ஈராக் போருக்கு ஆதரவு தேடி 2003 பெப்ரவரி 5 அன்று ஐநாவில் பேசினார். அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் அமெரிக்காவின் நான்கு தொலைக்காட்சிகளின் இரவுச் செய்திகளில் ஈராக் பற்றிப் பேசிய 393 பேரை ஃபெயர் அமைப்பு கணக்கெடுத்தது. போர் எதிர்ப்பு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் அதில் மூன்றே பேர். இது தொலைக்காட்சிகளின் குற்றம், சந்தேகமேயில்லை. ஆனால் செய்தி அறையில் மாலை நாலு மணிக்கு யாராவது ஒருவர் அவசரமாக ஆள் தேடும்போது, இராணுவத்தின் ஊடகப் பிரிவு முதல் மணியிலேயே போனை எடுக்கும். உங்கள் குழுவின் போனை யார் எடுப்பார்?

இரண்டு மூன்று பேரைத் தயார் செய்து வையுங்கள். நன்றாகக் கோஷம் போடுபவராக இருக்கத் தேவையில்லை. போர் நடக்கும் ஊரில் குடும்பம் உள்ளவர், அங்கே வேலை செய்து திரும்பிய வைத்தியர், தொழிற்சங்கக்காரர் என்று சொந்தமாக அறிந்ததைப் பேசுபவர் வேண்டும். மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழக்குங்கள். வெட்டி ஒட்டினாலும் அர்த்தம் மாறாத வாக்கியங்களாக இருக்கட்டும்.

பழைய படத்தைப் போடுவது

எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத படத்தைத் தொடவே வேண்டாம்.

கொடி

விடுதலைப் புலிகள் இங்கே பிரித்தானியாவில் 2001இலேயே தடை செய்யப்பட்டவர்கள். 2009இல் லட்சம் பேர் நடந்த பேரணியிலும் கமெராக்கள் தேடிப் போனது புலிக்கொடியைத்தான், செத்துக்கொண்டிருந்த மக்களின் படங்களை அல்ல. அந்தக் கொடியை ஏன் பிடித்தார்கள் என்பது எனக்கு நன்றாக விளங்குகிறது, அவர்களைப் பழிக்கவும் மாட்டேன். ஆனால் தடை செய்யப்பட்ட அமைப்பின் சின்னத்தைத் தூக்கினால் கைதாகலாம் என்பது சட்டம். அதை அறிந்து தூக்குவது ஒருவரின் சொந்த முடிவு. அறியாத பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

இடத்தையும் நாளையும் யோசிக்காமல் அறிவிப்பது

ஊர்வலம் என்றால் ஆறு முழு நாட்களுக்கு முன் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்பதற்கு அது தேவையில்லை, ஆனால் அதற்கும் நிபந்தனை போடலாம். 2025 ஜனவரி 18 அன்று பலஸ்தீன ஆதரவு ஊர்வலக்காரர்கள் பிபிசி தலைமையகத்தின் முன்னால் ஒன்றுகூடப் பொலிஸ் விடவில்லை. அருகில் யூதர்களின் ஜெபஆலயம் இருக்கிறது, அன்று அவர்கள் வழிபடும் சனிக்கிழமை என்பது காரணம். அந்தத் தடை நியாயமா என்று எவ்வளவும் வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனாலும் அன்றைய செய்தியெல்லாம் பாதையைப் பற்றியும் கைதுகளைப் பற்றியும்தான் இருந்தது. பிபிசி என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்ற பேச்சே அடிபட்டுப் போனது.

ஒரு பதாகையில் பத்துக் கோரிக்கை

தெருவின் அடுத்த பக்கத்திலிருந்து வாசிக்க முடியாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

அனுப்பியதோடு மறந்துவிடுவது

முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும். அதைப் படித்துவிட்டு நம்மவர்கள் "எங்களுக்கு முதலே தெரியும்" என்று விட்டுவிடுகிறார்கள். பிபிசி பதில் வந்து 20 வேலை நாட்களுக்குள் மறுபடி எழுதினால்தான் முறைப்பாடு அடுத்த படிக்குப் போகும். எழுதாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆகவே குழுவில் ஒருவரிடம் இந்த வேலையை மட்டும் கொடுங்கள். ஒரு அட்டவணை போதும்: எந்த வாக்கியம், யார் எழுதினார், எப்போது அனுப்பினார், பதில் எப்போது வந்தது, அடுத்த கடைசித் திகதி எது. கூட்டத்துக்கு வர உடம்பு முடியாத அக்கா ஒருவர்தான் எங்கள் அட்டவணையை வைத்திருக்கிறார். திகதி நெருங்கினால் அவரே போன் எடுத்து, "எழுதிட்டியோ?" என்று கேட்பார்.