அமெரிக்கப் பதிவு விமானத்தில் ரைன் ஆற்றைக் கடக்கும் முன்

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் விமானத் திடலிலிருந்து மேற்கே கிளம்பினால், சில நிமிடங்களில் ரைன் ஆறு வந்துவிடும். அக்கரை பிரான்ஸ், சற்றுத் தள்ளிக் கோல்மார் ஓடுதளம். நண்பர் தம் செஸ்னா 182 விமானத்தை எனக்கு ஓட்டத் தருவதாகச் சொன்னபோது, முதலில் அங்கே போகத்தான் ஆசைப்பட்டேன். என்னிடம் ஜெர்மனி வழங்கிய தனியார் விமானி உரிமம் இருந்தது. "அது ஐரோப்பா முழுவதும் செல்லுமே" என்றார் நண்பர். நானும் நம்பினேன். என் பழைய பயிற்றுநர் ஒரே கேள்வி கேட்டார்: "பதிவெண் எந்த எழுத்தில் தொடங்குகிறது?"

'N' என்ற ஆங்கில எழுத்தில். அப்படியானால் அது அமெரிக்க விமானம். எங்கே நிறுத்தி வைத்திருந்தாலும் அமெரிக்க விதிகள் அதனுடன் வரும். விமானம் பதிவான நாடு வழங்கிய, அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் விமானியிடம் இருக்க வேண்டும் என்பது 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு. அமெரிக்காவின் 61.3 விதி ஒரு சலுகை தருகிறது: வேறொரு நாட்டுக்குள் பறக்கும்போது அந்த நாடே வழங்கிய உரிமம் போதும். இங்கே 'நாடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடு அல்ல. என் ஜெர்மன் உரிமம் ஜெர்மனியின் வானில் செல்லும்; ஆற்றின் நடுவே எல்லை தாண்டியதும் செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது இந்தக் காகிதங்களைத்தான்.

இதற்கு வழி 61.75 விதி. உங்கள் உரிமத்தின் அடிப்படையில் அமெரிக்கா ஒரு தனியார் விமானிச் சான்றிதழ் தருகிறது. முதலில் சரிபார்ப்புப் படிவத்தை ஓக்லஹோமா நகரிலுள்ள அமெரிக்க விமான நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் உங்கள் நாட்டு ஆணையத்திடம் உரிமம் உண்மையானதா என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கோடைப் பயணத்துக்குக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். சரிபார்ப்புக் கடிதம் ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் நேரில் போய் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும்.

நம்மவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். என் உரிமத்தில் தந்தை பெயர் முதலெழுத்தாக இருந்தது, கடவுச்சீட்டில் முழுப் பெயராக இருந்தது. அதைத் திருத்தி முடிக்கும்வரை விண்ணப்பம் நகரவில்லை. பெயரைச் சீராக்கிவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.

சான்றிதழ் வந்த அன்றே பறந்துவிட முடியாது. அமெரிக்கச் சான்று பெற்ற பயிற்றுநரிடம் குறைந்தது ஒரு மணி நேரம் தரைப் பாடமும் ஒரு மணி நேரம் பறத்தலும் கொண்ட மீளாய்வு வேண்டும். பிறகு 24 மாதங்களுக்கு ஒருமுறை. செஸ்னா 182இன் எஞ்சின் 230 குதிரைத்திறன். 200ஐத் தாண்டினாலே தனிப் பயிற்சியும் விமானியின் பறத்தல் குறிப்பேட்டில் பயிற்றுநரின் ஒப்பமும் கேட்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்தேன். மருத்துவச் சான்றிதழுக்கு மட்டும் அலைய வேண்டியதில்லை. உரிமம் தந்த நாட்டினுடையதே போதும்.

ஃபுளோரிடாவில் கற்று அமெரிக்கச் சான்றிதழோடு ஐரோப்பாவில் குடியேறியவர்களுக்குச் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. விமானத்தை இயக்குபவர் ஒன்றியத்தில் வசித்தால், பதிவு அமெரிக்காவில் இருந்தாலும் ஐரோப்பிய உரிமமும் வேண்டும். நாடுகள் நீட்டித்துவந்த விலக்கு 2022 ஜூன் 20 அன்று முடிந்துவிட்டது. ஆனால் முழுப் பயிற்சியையும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே நடைமுறையிலுள்ள இருதரப்பு ஒப்பந்தம் உரிமத்தை மாற்றிக்கொள்ளக் குறுகிய வழி தருகிறது. உங்கள் நாட்டு ஆணையத்திடம் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

61.75 சான்றிதழில் உங்கள் மூல உரிமத்தின் எண் அச்சாகியிருக்கும். அந்த உரிமம் உடன் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, புதுப்பிக்கும்போது எண் மாறினாலோ, அமெரிக்கச் சான்றிதழையும் புதிதாக வாங்க வேண்டும். புதிய உரிமம் தபாலில் வந்ததும் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.