மே மாதம் குமுளிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு

எங்கள் வீடு குமுளியில், கேரளப் பக்கம். செக்போஸ்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். மதுரை, தேனி, சென்னை என்று சிதறிக் கிடக்கிற சொந்தம் மொத்தமும் வருடா வருடம் மே மாதம் அப்பத்தாவைப் பார்க்க இங்கேதான் கூடும். போன வருடம் சின்னது பெரியது சேர்த்து இருபத்தேழு உருப்படி. வருகிறவர்கள் செய்கிற தவறுகளை வருடக்கணக்காகப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: “கம்பத்துக்கு மேலேதானே இருக்கு” என்ற நினைப்பு. கம்பத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், வாஸ்தவம். ஆனால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறிவிட்டால் பள்ளிக்கூட லீவு வேறு, மழை வேறு, வண்டிக்குக் கட்டுகிற வரி வேறு.

முதல் தவறு தேதியில்தான். கேரளத்தில் மார்ச் கடைசியோடு பள்ளியை மூடி ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசி வரை பரீட்சை இழுக்கும். அதனால் சென்னை சித்தப்பாவுக்கு எப்போதும் ஜூன் முதல் வாரம்தான் வசதி. அவர் வந்து இறங்கும்போது எங்கள் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு குடையோடு வாசலில் நிற்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுகிற வழக்கமான தேதி ஜூன் 1. பத்தாவது முடித்த பிள்ளை இருக்கிற வீடு என்றால் பிளஸ் ஒன் அலாட்மென்ட் டென்ஷன் தனி. ஆக, இரண்டு பக்கமும் ஒத்துவருவது மே மாதத்தின் முதல் மூன்று வாரம். அதற்குள்ளும் சாயங்காலம் இடி மழை வரும், ராத்திரி குளிரும். மதுரை வெயிலை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் இல்லாமல் வந்தவர்கள் எல்லாரும் என் பீரோவைத்தான் காலி செய்திருக்கிறார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்றைக்கு வந்து இறங்காதீர்கள். மங்கலதேவி கண்ணகி கோயிலை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறக்கிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில் அது. அன்றைக்கு ஊரில் ஓடுகிற ஜீப்பெல்லாம் மலைக்குப் போய்விடும், மெயின் ரோட்டில் நடக்க இடம் இருக்காது. மதுரையில் அதே சமயம் அழகர் ஆற்றில் இறங்குவார், அந்தப் பக்கத்து பஸ்ஸும் பிதுங்கும். கோயிலுக்குத்தான் வருகிறீர்கள் என்றால் முந்தின நாளே வந்துவிடுங்கள், விடிவதற்குள் ஜீப்புக்கு வரிசையில் நில்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கீழேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடக்கத் தெம்பு உள்ளவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடி வழியாக ஏறலாம். ஒன்பது மணிக்கு எழுந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தால் அடுத்த வருடம்தான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜூனிலிருந்து போடி வரைக்கும் ரயில் இருக்கிறது. தேனியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். ஆனால் அது தினசரி வண்டி இல்லை, வாரத்துக்கு 3 நாள்தான். முன்பதிவும் முன்பு மாதிரி 120 நாளுக்கு முன்னால் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பழைய பழக்கத்தில் ஜனவரியிலேயே ஆப்பைத் திறந்து பார்த்து, “இன்னும் விடலை” என்று மூடி வைத்துவிட்டு, ஏப்ரலில் வெயிட்டிங் லிஸ்டோடு போன் செய்கிற மச்சான் எனக்கு ஒருவர் உண்டு. தமிழ்நாட்டு பஸ் பலவும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். வயசானவர்களைக் கூட்டி வந்தால் முதலிலேயே போன் போடுங்கள், ஆட்டோவோடு வந்து நிற்கிறேன்.

வேன் பிடித்து வருகிறவர்கள் கேரளத்துக்குள் நுழைய பர்மிட்டும் வரியும் கட்டியாகிவிட்டதா என்று டிரைவரிடம் கிளம்பும்போதே கேளுங்கள், செக்போஸ்டில் வந்து கேட்காதீர்கள். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று ஓன் போர்டு வண்டியில் ஆள் ஏற்றி வருவது அதைவிட மோசம். பிடித்தால் அபராதம், அதற்கப்புறம் ஆளுக்கு ஆள் கோபம். டாஸ்மாக் பாட்டிலை சீட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எக்சைஸ்காரர்கள் முதலில் பார்க்கிற இடமே அதுதான்.

சரி, வந்து சேர்ந்தாயிற்று. எத்தனை பேர் என்று சொல்லாமல் வருவதுதான் வீட்டுக்காரர்களுக்குப் பெரிய அடி. சோற்றைச் சமாளித்துவிடலாம், தண்ணீரை முடியாது. மலை ஊர், மழை ஊர் என்று நினைப்பீர்கள். கோடையில் இங்கேயும் கிணறு அடியைத் தொடும், வண்டித் தண்ணீர் வாங்குவோம். எங்கள் மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் டேங்க். போன வருடம் காலை ஏழரைக்கு அது காலி. அத்தை தலை நிறைய சீயக்காயோடு பாத்ரூம் கதவைக் கால்வாசி திறந்து, “ஏப்பா, ஒரு வாளி இருந்தா குடுங்கப்பா” என்று கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. சமையலுக்கு என்று குடத்தில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அத்தை தலைக்குப் போனது, அன்றைக்குக் காலைப் பலகாரம் ஹோட்டல் பரோட்டா.

சித்தி வண்டிப்பெரியாறில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருக்கிறார். அங்கே போய்ப் பார்க்காமல் வந்தால் வருத்தப்படுவார். ஆனால் வேலை நாளில் பத்துப் பேராகப் போய் நிற்காதீர்கள். கோடை மழைக்கு அப்புறம் கொழுந்து நன்றாக வருகிற நேரம், லீவு போட்டால் கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை போங்கள், இரண்டு நடையாகப் பிரிந்து போங்கள். ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீடு அது.

இன்னொன்று, அணையைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். அத்தை மகளைக் கட்டியிருப்பவர் கட்டப்பனைக்காரர், மலையாளி, தங்கமான மனிதர். ஒரு தடவை பந்தியில் சின்னமனூர் மச்சான் சாம்பார் கேட்கிற சாக்கில் முல்லைப் பெரியாறை இழுத்துவிட்டார். 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று மச்சான், 1895-இல் கட்டிய அணைக்குக் கீழே குடியிருந்து பார் என்று கட்டப்பனைக்காரர். இலையில் சோறு ஆறிப்போனது. மச்சானுக்கு அந்தத் தண்ணீரில்தான் இரண்டு போக நெல், அதுவும் நியாயம். ஆனால் அணைக்குக் கீழே ஆற்றோரம் முதலில் வருகிற ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. அங்கே ராத்திரி படுத்துத் தூங்குவது நம் சித்தி. இரண்டு பேரும் பேசி முடிக்கும் வரை சித்தி வாயே திறக்கவில்லை, ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார். அணைத் தகராறில் 2011 டிசம்பரில் இந்த ரோட்டில் நடந்த கலவரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் எங்கள் வீட்டுப் பந்தியில் அது வேண்டாம்.

ஏலக்காய் பறிக்கிறதைக் காட்டு என்று பிள்ளைகள் கேட்கும். மே மாதம் பறிப்பு கிடையாது. அது மழை பிடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். மிளகும் அதற்கு முன்பே பறித்து முடிந்திருக்கும். “உங்க ஊர்லதான விளையுது, ஒரு கிலோ எடுத்து வை” என்று சொல்கிறவர்களுக்கு: நாங்களும் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். வரும்போது காய்கறி சுமந்து வராதீர்கள், குமுளிச் சந்தைக்கு வருவதே கம்பத்துக் காய்தான். மல்லிகைப்பூ கொண்டு வாருங்கள், அப்பத்தா சந்தோஷப்படும்.

பலாப்பழம் மட்டும் தாராளமாகக் கேட்கலாம், மே மாதம் வீட்டு மரத்திலேயே இருக்கும். பழமாகக் கேட்காதீர்கள், காயாகக் கேளுங்கள். ஏசி பஸ்ஸில் பழுத்த பலாவை ஏற்றி, ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அந்த வெயிட்டிங் லிஸ்ட் மச்சான்தான்.