மனு எழுதுமுன் தலைமடைக்குப் போய் வாருங்கள்

எங்கள் வயல் தாமிரபரணிக் கால்வாய் ஒன்றின் கடைமடையில் இருக்கிறது. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் எட்டாத வருஷமெல்லாம் ஊரில் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தலைமடைக்காரர்கள் இழுத்துக்கொள்கிறார்கள். அதை அப்படியே நம்பி மூன்று பக்கம் எழுதி, ஒரு திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மனுவைப் படித்த அதிகாரி, "அவங்க மடை மூடியிருந்த நாள்ல உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மடை திறந்திருந்த நாள்களை மட்டுமே குறித்து வைத்திருந்தேன்.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதற்குள் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பலர் இரண்டிரண்டாக ஏறுகிறது என்று நினைத்து, 8, 10, 12 போலத் தங்களுக்குச் சாதகமானவற்றையே சோதித்தார்கள். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 2, 3 என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நானும் அப்படித்தான் 8, 10, 12 எழுதியிருந்தேன்.

ஆகவே முதலில் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தலைமடை திறப்பா மூடலா, நம் வாய்க்காலில் எத்தனை அங்குலம். உங்கள் பேச்சுக்கு எதிரான நாளை விடாமல் எழுதுங்கள், அதுதான் முக்கியம். எங்கள் நோட்டில், மடை மூடியிருந்த நாள்களிலும் தண்ணீர் ஏறவில்லை. கரையோடு நடந்து பார்த்தால் நடுவில் ஆகாயத்தாமரையும் மண்மேடும் கிடந்தன.

அப்புறம் எதிர்த்தரப்பிடம் போய்ப் பேசுங்கள். தலைமடையில் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். "தம்பி, நாத்து நட்ட வயலு காஞ்சா நட்டதெல்லாம் போச்சுல்லா, அதான் ராத்திரியும் திறந்து விடுதோம்" என்றார். அவர் சொன்னதை அவரே கேட்டுத் தலையாட்டும்படி எழுத முடிந்தால்தான், அவர் பக்கம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது.

மனுவில் அந்த நியாயத்தையே முதலில் வையுங்கள். 'திருடுகிறார்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இரவிலும் மடை திறந்திருக்கிறது' என்று எழுதுங்கள். முன்னதைப் படித்தால் கோபம் வரும். பின்னதை யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். கோரிக்கை ஒன்றே ஒன்று போதும். நான் பத்து கேட்டிருந்தேன், எது அவசரம் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது மனு ஒரே பக்கம்: தூர்வாருவது மட்டும். நோட்டின் நகலை இணைத்தேன். கையெழுத்துகளில் அந்த அண்ணாச்சியுடையதும் இருந்தது.