ஜூன் மாதத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர் எழுதிவிடுவேன். ஒவ்வொருவரிடமும் உள்ள திறமையைக் கண்டுபிடிக்கத்தான் இது. நீங்களும் அப்படித் தொடங்குங்கள். அதில் மதிப்பெண் வேண்டாம். கண்ணில் பட்டதை மட்டும் தேதியோடு குறியுங்கள்.

வகுப்பறையைவிடச் சத்துணவு வரிசையிலும் குழாயடியிலும்தான் பிள்ளைகள் நன்றாகத் தெரிவார்கள். பின்னத்தில் தடுமாறும் ஒரு மாணவன், முட்டை எத்தனை குறைகிறது என்று அட்டையைப் பார்த்ததுமே சொன்னான். வீட்டில் காய்கறிக் கடை. சனி, ஞாயிறு தராசு இவன் கையில். கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்டேன். பின்னம் தானாக வந்தது!

கண்டதைச் சொல்வதுதான் கடினம். "கெட்டிக்காரன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட உளவியல் ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்தார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள். எனவே செய்ததையே சொல்லுங்கள்: "முக்கால் கிலோவை அரையும் காலுமாகப் பிரித்தாயே, அது நல்ல வழி."

கூச்சப்படும் பிள்ளையிடம் தனியாகச் சொல்லுங்கள். ஒருமுறை காலை வழிபாட்டில் ஒரு மாணவியை முன்னால் அழைத்துப் பாராட்டினேன். இரண்டு நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை. என் அவசரம்.

பிறகு அந்தத் திறமைக்கு ஒரு வேலை கொடுங்கள். தராசுக்காரன் இப்போது விளையாட்டுச் சாமான் கணக்கு எழுதுகிறான்.

ஆகஸ்டில் நோட்டைப் புரட்டினால் ஐந்தாறு பக்கம் காலியாக இருக்கும். மறுநாள் மதியம் அந்தப் பிள்ளைகளோடு சாப்பிட உட்காருங்கள்.