தொட்டியில் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ: அளந்து கணக்கிடும் முறை

சேலம் பக்கம் கொத்தனார் அளப்பது அடியில், நாம் தண்ணீர் வாங்குவது லிட்டரில். இரண்டையும் சேர்க்கும் எண் 28.3. ஒரு கன அடி இடத்தில் 28.3 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று படிக்கிறோமே, அதுவும் இதே கன அடிதான். நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி., சுமார் 2,830 கோடி லிட்டர்.

எடைக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ஒரு லிட்டர், ஒரு கிலோ. சித்திரை வெயிலில் தண்ணீர் 35 டிகிரிக்குச் சூடானால் ஆயிரம் லிட்டருக்கு ஆறு கிலோ குறையும். வீட்டு வேலைக்கு அதைப் பார்க்கத் தேவையில்லை.

தரைக்கடியில் கட்டும் தொட்டியான சம்ப்பிலிருந்து தொடங்கலாம், தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். நீளம் × அகலம் × உயரம் × 28.3 என்ற வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும். டேப்பை எங்கே வைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். உள்ளே 8 அடிக்கு 6 அடி உள்ள தொட்டியை, 9 இஞ்ச் சுவரையும் சேர்த்து வெளியே அளந்தால் 9½ அடிக்கு 7½ அடி வரும். பரப்பு 48 சதுர அடிக்குப் பதிலாக 71 சதுர அடி ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதனால் பூச்சு முடிந்த பிறகு உள்பக்கம் மட்டுமே அளக்க வேண்டும்.

உயரத்திலும் இதே கவனம் வேண்டும். மேல்மூடி வரை 5 அடி என்றால் 6,792 லிட்டர். ஆனால் ஓவர்ஃப்ளோ குழாய் மூடிக்கு அரை அடி கீழே இருந்தால், அதற்கு மேல் தண்ணீர் நிற்காது, 6,113 தான். மோட்டார் உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வ் தொட்டித் தரையிலிருந்து அரை அடி மேலே இருந்தால் அடியில் கிடக்கும் 679 லிட்டரை மோட்டார் எடுக்காது. கைக்கு வருவது 5,434 லிட்டர். குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று பார்க்க இந்தக் கடைசி எண்தான் உதவும்.

இஞ்ச்சைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே போடக் கூடாது. 5 அடி 10 இஞ்ச்சை 5.10 என்று கால்குலேட்டரில் தட்டினால் முக்கால் அடி காணாமல் போகும். இஞ்ச்சை 12-ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும்; 10 ÷ 12 = 0.83, எனவே 5.83.

வட்டத் தொட்டி, உறைக்கிணறு என்றால் விட்டம் × விட்டம் × உயரம் × 22.2. எல்லாம் அடியில். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் 8,880 லிட்டர். குறுக்கே டேப் பிடிக்க முடியாத டிரம்முக்குச் சுற்றிக் கயிறு கட்டி அளந்து, சுற்றளவு × சுற்றளவு × உயரம் × 2.25 என்று போடலாம். இது வெளி அளவு என்பதால் விடை கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

வாளி மேலே அகன்று கீழே குறுகியது. மேல் விட்டம் 30 செ.மீ., அடி விட்டம் 22 செ.மீ. என்றால் சராசரி 26. 26 × 26 × 0.785 × உயரம் 28 = 14,858 கன செ.மீ., ஏறக்குறைய 15 லிட்டர். இப்படி அளந்த வாளியை வைத்து மோட்டாரையும் சோதிக்கலாம். 20 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 45 லிட்டர். வரிவரியாக மடிப்புள்ள சின்டெக்ஸ் டேங்குக்கு டேப்பைவிட, நிரம்ப ஆகும் நிமிடங்களை இந்த நிமிட லிட்டரால் பெருக்கும் நேரக் கணக்கே நம்பகமானது.

படுத்த உருளையாக இருக்கும் டேங்கர் லாரியில் குச்சி விட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்கவும். கால் உயரம் என்பது கால் தண்ணீர் அல்ல, 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பாதி உயரம் பாதிதான். முக்கால் உயரத்தில் 80 சதவீதம். தொட்டி நீள்வட்டமாக இருந்தாலும் இதே விகிதம்தான்.

இனி மொட்டை மாடி. ஆட்கள் நடமாடும் மாடித் தளத்துக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. மூன்றரை அடி விட்டமுள்ள ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் சதுர அடிக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தும். அதைத் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. சுவர் அல்லது பீம் மேல் செங்கல் கட்டி, அதன்மேல் பலகைக் காங்கிரீட் போட்டு வைக்க வேண்டும். டேங்கின் அடிப்பாகம் முழுவதும் சமமாக உட்கார வேண்டும். ஓரம் தொங்கினால் அங்கேதான் விரிசல் விடும்.

ஏற்காட்டுத் தோட்டத்துக்கு அடிவாரத்திலிருந்து பிக்கப்பில் தண்ணீர் ஏற்றுபவர்கள் முதலில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.-யைப் பார்க்க வேண்டும். மொத்த எடையில் வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் வரும். ஆட்கள், டிரம் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். 750 கிலோ வந்தால் ஆயிரம் லிட்டர் டேங்கில் குறைவாக ஊற்றிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். அது ஆபத்து. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில், பாதி நிரம்பிய டேங்கின் தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிப்பக்கம் பாய்ந்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். 200 லிட்டர் டிரம் மூன்றை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, நகராமல் கயிற்றால் கட்டுங்கள். பாரம் இன்னும் குறைய வேண்டுமானால் டிரம் ஒன்றை இறக்குங்கள், டிரம்மில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.