கொங்கு நாட்டில் நிதானச் சுற்றுலா: காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் மூன்று நாள்

வழக்கமான சுற்றுலா இப்படித்தான்: காலையில் பவானி கூடுதுறை, மதியம் கொடிவேரி, சாயங்காலம் பண்ணாரி, ராத்திரியே ஊர் திரும்பல். கொடுத்த வேன் வாடகைக்கு எத்தனை இடம் பார்க்கலாம் என்ற கணக்கு அது. நிதானச் சுற்றுலாவில் ஒரே வட்டாரம்தான்: அங்கேயே தங்கி, அந்த ஊர் மெஸ்ஸில் சாப்பிட்டு, நடையிலும் டவுன் பஸ்ஸிலும் சுற்றுவது. 1986-இல் ரோம் நகரில் துரித உணவகம் வந்ததை எதிர்த்து எழுந்து, கார்லோ பெத்ரினி முன்னின்று வளர்த்த ‘ஸ்லோ ஃபுட்’ (நிதான உணவு) இயக்கத்தில் இதற்கு வேர் இருக்கிறது. நாம் செலவழிக்கும் காசு நெய்கிறவர், விளைவிக்கிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

1. முதலில் ஒரு நீர்வழியைப் பிடியுங்கள். காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியில் தொடங்கி வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் போய் முடிகிறது. கூடவே வேறு ஊரையும் சேர்த்தீர்களோ, பழையபடி ஓட்டம்தான்.

2. தை, மாசியில் போங்கள். மஞ்சள் வெட்டும் பருவம். வெட்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் 10 முதல் 15 நாள் வரை காயப்போடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு களத்தில் இறங்குங்கள். ஆடிப்பெருக்கு, அமாவாசை நாட்களில் கூடுதுறையில் நிற்கவே இடம் இருக்காது.

3. பவானியிலோ ஈரோட்டிலோ ஒரே அறையில் மூன்று ராத்திரியும் தங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் சுமார் 15 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கொடுமுடிக்கு, ஈரோட்டிலிருந்து கரூர் போகும் பாசஞ்சர் ரயிலே போதும். மதியம் கொடுமுடிக் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

4. ஒரு முழுக் காலையைத் தறிக்கு ஒதுக்குங்கள். பவானி ஜமுக்காளம் குழித்தறியில், அதாவது தரையில் குழி தோண்டி அமைத்த தறியில் நெய்வது. அகல ஜமுக்காளத்துக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கித் திருப்பி விடுவார். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் வேலையும் நிற்கும். அதனால் நெய்யும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். டீ நேரத்தில் கேளுங்கள், நிறையச் சொல்வார்கள். படம் எடுக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. கரையில் நடப்பதை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போதும். ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாய, தோல் கழிவுகள் கலந்து வாய்க்கால் கெட்டிருக்கிறது. பார்க்கவே வயிறு எரியும். அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள். ஊரைத் தாண்டிய வயல் பக்கம்தான் நடக்க ஏற்றது. பராமரிப்புக்குத் தண்ணீரை நிறுத்தும் மாதங்களும் உண்டு. கிளம்பும் முன் அங்குள்ள விவசாயிகளிடம் விசாரியுங்கள்.

6. சாப்பாட்டுக்குத் தேடி அலைய வேண்டாம். அரிசியும்பருப்பும், கொள்ளு ரசம், சந்தகை (இடியாப்பம் மாதிரி) எங்கே கிடைக்கும் என்று தங்குமிடத்திலேயே கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

7. ஜமுக்காளத்தைக் கடைசி நாளில் வாங்குங்கள். பெரியது நல்ல கனம், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. விசைத்தறிச் சரக்கும் அதே பெயரில் மலிவாக விற்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கைத்தறி முத்திரை பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். அங்கே பேரம் பேச வேண்டாம்.